சலாகை வரைபும் தமிழ் எழுத்தும்

யூபிலி மலருக்குத் தமிழாசிரியன் ஒருவன் கட்டுரை எழுதுவதென்றால், சங்கப் பாடலின் நயத்தையோ கம்பன் காட்டிய காட்சியையோ எடுத்துக்கொள்ளுதல் வழக்கம். அவற்றை எம்மினும் நன்றாய் எழுதவல்லார் இம்மலரிற் பலர் உளர். ஆதலின், கடந்த சில ஆண்டுகளாக எம் கையிற் பழகிவரும் ஒரு தொழிலைப்பற்றி எழுதத் துணிந்தோம். வணிக நிறுவனங்கள் தம் விற்பனையையும் இருப்பையும் இலாபத்தையும் அறிக்கையாக்கும்பொருட்டுப் பயன்படுத்தும் கணினிக் கருவியொன்றினுள்ளே நிரல் எழுதிச் சலாகை வரைபு வரைதலே அத்தொழில். தமிழாசிரியனுக்கும் இதற்கும் யாது தொடர்பு என வினவுவோர் சற்றே பொறுத்தல் வேண்டும். பிள்ளைகளின் தலையெண்ணிக்கையும் தமிழின் கொம்பும் குற்றும் இதனுள்ளே சிக்கிக் கிடக்கின்றன.

முதலிற் சொல்லை நோக்குவோம். சலாகை என்பது வடமொழி வழியாக வந்து தமிழிலே நிலைத்த சொல். கோல், கம்பி என்பன அதன் பொருள். எம் நாட்டுக் கணித நூல்கள் சலாகை வரைபு என்று வழங்குவதைத் தமிழகத்திலே பட்டை வரைபடம் என்று வழங்குவதும் உண்டு. பெயர் யாதாயினும் கருத்து ஒன்றே. எண்ணொன்றைக் கோலின் நீளமாக மாற்றுதலே அது. ஐம்பத்து நான்கு, நாற்பத்தொன்று, பதினெட்டு என வாயாற் சொல்லும்போது மனம் ஒவ்வொன்றாக எடைபோட வேண்டியிருக்கின்றது. மூன்று கோல்களை அருகருகே நிறுத்தினால் எது நெடியது, எது குறியது என்பதைக் கண் ஒரு நொடியிலே அறிந்துவிடுகின்றது.

இவ்வுத்தியை நூலிலே முதன்முதலாகத் தெளிவுறக் காட்டியவர் வில்லியம் பிளேபெயர் என்னும் ஸ்கொத்லாந்து நாட்டவர். 1786 ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட வணிக, அரசியல் வரைபட நூலிலே, ஸ்கொத்லாந்து 17 இடங்களோடு நடத்திய ஏற்றுமதி இறக்குமதியைச் சலாகைகளாக வரைந்தார். ஏனைய படங்களிலே பல ஆண்டுகளின் ஏற்ற இறக்கத்தைக் கோடுகளாகக் காட்டியவருக்கு, ஸ்கொத்லாந்தைப்பற்றி ஓராண்டின் கணக்கே கையிற் கிடைத்தது. கோடு இழுக்க வழியின்மையால் அவர் கோலை நட்டார். குறைவிலே பிறந்த அப்படமே இன்று பாடசாலைப் பிள்ளைகளும் அறிந்த படமாகிவிட்டது. அது தொடக்கத்திலேயே வணிகக் கணக்குக்காகப் பிறந்தது என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

யாம் மாணவராயிருந்த 1990களின் முற்பகுதியிலே குடாநாட்டில் மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடு, தாளுக்கும் தட்டுப்பாடு. சிறு போத்தலிலே திரியிட்டு எரித்த விளக்கின் ஒளியிற் படித்த தலைமுறை எம் தலைமுறை. வரைபுத் தாள் ஒன்று கிடைத்தால் அதன் இரு பக்கத்தையும் பயன்படுத்துவோம். பென்சிலாற் கீறி, ஆசிரியர் பார்த்தபின் அழித்து, அதன்மேலேயே மறுபடியும் கீறுவோம். 1995 ஒக்ரோபர் 30 ஆம் நாள் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது அச்சுவேலியும் வெறிதாயிற்று. மீண்டு வந்து படிப்பைத் தொடர்ந்து, பின்னர் ஆசிரிய பயிற்சியும் பெற்றோம். பயிற்சிக் காலத்திலே, மாணவர் அடைவைச் சலாகையாக வரைந்து பாடக்குறிப்போடு இணைக்கவேண்டும் என்பது எமக்குக் கற்பிக்கப்பட்டது. அடிமட்டமும் பென்சிலும் கொண்டு அதனைப் பல்லாண்டு செய்துவந்தோம்.

சில ஆண்டுகளுக்கு முன், எம்மிடம் தமிழ் கற்றுக் கொழும்பிலே தரவுப் பகுப்பாய்வாளராகத் தொழில் புரியும் பழைய மாணவர் ஒருவர் நல்லூர்த் திருவிழா விடுமுறைக்கு ஊர் வந்திருந்தார். யாம் வரைபுத் தாளிற் சலாகை கீறிக்கொண்டிருந்ததைக் கண்டு, “சேர், இதற்கு நீங்கள் இரவிரவாக மினக்கெட வேண்டாம். எங்களுடைய கந்தோரில் பாவிக்கிற கருவி ஒன்று இருக்கிறது, நான் போட்டுத் தருகிறேன்” என்றார். அவர் போட்டுத் தந்ததே மைக்ரோசொவ்ற் நிறுவனத்தின் பவர் பீஐ என்னும் கருவி. இது 2015 ஆம் ஆண்டு ஜூலை மாதத்திலே பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. விண்டோஸ் கணினியில் நிறுவிக்கொள்ளும் அதன் மேசைப் பதிப்புக்கு விலை இல்லை. ஆயிரக்கணக்கான கடைகளின் விற்பனையைக் காட்டுதற்கென ஆக்கப்பட்ட கருவியை அச்சுவேலியின் ஒரு வகுப்பறைக்குக் கொண்டுவருதல், எறும்பின்மேல் யானையை ஏற்றுதல் போலத் தோன்றலாம். ஆயினும் யானை பழக்கினாற் பழகும் விலங்கன்றோ?

அக்கருவியிலே சலாகை வரைபு ஏலவே உண்டு. நிரலைச் சுட்டெலியால் இழுத்து வைத்தாற் படம் தோன்றும். எனின், நிரற்குறி எழுதுவது எதற்கு? ஆயத்த ஆடை பெரும்பாலோர்க்குப் பொருந்தும். சிலர்க்குத் தையற்காரர் வேண்டும். ஒவ்வொரு சலாகையின் உச்சியிலும் சென்ற தவணையின் அளவை ஒரு சிறு கோட்டாற் குறிக்க விரும்பினோம். புள்ளிகளை எமக்கேற்ற வகுப்பாயிடைகளாகப் பகுக்கவும் விரும்பினோம். இத்தகைய தேவைக்காக 2018 ஆம் ஆண்டு ஓகஸ்ற் முதல் அக்கருவியினுள்ளே பைதன் மொழியில் நிரல் எழுத இடமளித்துள்ளனர். ஆர் என்னும் புள்ளிவிபரவியல் மொழிக்கு அதற்கு முன்னரே இடம் இருந்தது.

வேலைமுறை எளிது. பைதன் மொழியையும் அதன் இரு துணைத் தொகுதிகளையும் முதலிற் கணினியில் நிறுவுதல் வேண்டும். அட்டவணையைக் கையாளுவது பாண்டாஸ். படம் வரைவது மட்புளொட்லிப். பின்பு பைதன் படத்துக்குரிய கட்டத்தைத் தாளில் வைத்து, வேண்டிய நிரல்களை அதனுட் சேர்த்தல் வேண்டும். சேர்த்தவுடன் அவை ஓர் அட்டவணையாகி, டேற்றாசெற் என்னும் பெயரோடு எம் முன் நிற்கும். அதன்மேல் ஐந்தாறு வரிகளே போதும். வரைபுத் தொகுதியை அழைத்தல் முதல் வரி. புள்ளிகளை 0 முதல் 19, 20 முதல் 39 என்றவாறு ஐந்து கூறாக்குதல் இரண்டாவது. ஒவ்வொரு கூற்றிலும் எத்துணைப் பேர் என எண்ணுதல் மூன்றாவது. சலாகை நடுதல் நான்காவது. படத்தைக் காட்டுக என ஏவுதல் இறுதி வரி. இவ்விறுதி ஏவல் இல்லையேல் கருவி படத்தைத் தாராது.

இனி, இக்கட்டுரை எழுதுதற்குக் காரணமாயிருந்த செய்திக்கு வருவோம். தரம் 10 இன் ஒரு பிரிவுக்குத் தவணைப் பரீட்சையின் தமிழ்ப் புள்ளிகளை இவ்வாறு படமாக்கினோம். படம் அழகாக வந்தது. ஆயினும் சலாகைகளின் எண்களைக் கூட்டிப் பார்த்தல் எமது வழக்கம். காலைதோறும் இடாப்பு அடையாளமிட்டுத் தலையெண்ணிப் பழகியவர் எவர்க்கும் அவ்வழக்கம் உண்டு. இடாப்பிலே 34 பெயர்; படத்திலே 25 பேர். ஒன்பது பிள்ளைகளைக் காணவில்லை. அதனினும் கவலை தந்தது கடைசிச் சலாகை. இருபதுக்குக் குறைந்த புள்ளி பெற்றோர் ஒன்பதின்மர் என்பதை விடைத்தாளைத் திருத்திய யாம் அறிவோம். படமோ நால்வர் என்றது.

காரணம் எங்கே இருந்தது? நிரற்பெட்டியின் தலைப்பிலே, கருவி தானாகவே எழுதிவைக்கும் சில வரிகள் உண்டு. ஆங்கிலத்திலே சாம்பல் நிறக் குறிப்பாக இருத்தலின் எவரும் அவற்றை வாசிப்பதில்லை. நூலுக்குப் பாயிரம் இன்றியமையாதது என்று மாணவர்க்கு ஆண்டுதோறும் ஓதுகின்ற யாம், இந்நிரலின் பாயிரத்தையும் சொற்சொல்லாக வாசித்தோம். ஒரே மாதிரியான வரிகள் பல இருப்பின் அவற்றை நீக்கி ஒன்றை மாத்திரம் வைத்துக்கொள்வேன் என்று கருவி அங்கே வெளிப்படையாகச் சொல்லியிருந்தது. யாம் கட்டத்தினுட் சேர்த்தவை பிரிவும் புள்ளியும் மாத்திரமே. எட்டுப் புள்ளி பெற்றோர் மூவர். பன்னிரண்டு பெற்றோர் மூவர். பதினைந்து பெற்றோர் இருவர். பதினேழு பெற்றவர் ஒருவர். ஒரே பிரிவில் ஒரே புள்ளி என்பது கருவிக்கு ஒரே வரி. ஆகவே ஒன்பதின்மர் நால்வராயினர். மேல்வகுப்பாயிடைகளிலே மறைந்தோர் மற்றை நால்வர்.

நன்னூலார் நூலுக்கு ஆகாத குற்றம் பத்து எனத் தொகுத்தார். அவற்றுள் ஒன்று கூறியது கூறல். ஒருமுறை சொன்னதை மறுமுறை சொல்லுதல் எழுத்திலே குற்றந்தான். வணிகக் கணக்கிலும், ஒரே பற்றுச்சீட்டு இருமுறை பதிவாயின் அதனை நீக்குதல் நன்று. ஆனால் இரண்டு பிள்ளைகள் ஒரே புள்ளி பெறுதல் கூறியது கூறல் அன்று. அவர்கள் இருவேறு வீட்டுப் பிள்ளைகள். இருவேறு துன்பங்களோடு ஒரே வாங்கிலே வந்து அமர்பவர்கள். எண்ணை மாத்திரம் கண்டு ஆளைக் காணாத கண்ணுக்கு அவர்கள் ஒருவராகத் தோன்றுகின்றனர்.

இதிலே மற்றொரு நுட்பமும் உண்டு. மெலிந்த மாணவரின் புள்ளிகளே பெரும்பாலும் ஒன்றையொன்று ஒத்திருக்கின்றன. கட்டுரை வினாவைத் தொடாது, குறுவினாக்களுக்கு மாத்திரம் விடையளிப்போர் பெறும் புள்ளிகள் ஒரு சிறு எல்லைக்குள் அடங்கிவிடுகின்றன. நன்றாய் எழுதுவோர்க்கு எழுபத்தொன்று, எழுபத்து நான்கு, எழுபத்தெட்டு என வேறுபட்ட புள்ளி விழும். ஆகவே இவ்வாறு வரிகளை நீக்கும்போது வல்லவர் சலாகை அதிகம் குறைவதில்லை. மெலிந்தோர் சலாகையே பாதியாகின்றது. எம் பாடசாலையிலே, ஐவருக்குக் குறைந்தோர்க்குத் தனியாக மாலை வகுப்பு வைப்பதில்லை என்பது வழக்கம். நால்வர் எனின் வகுப்பு இல்லை. ஒன்பதின்மர் எனின் வகுப்பு உண்டு. படத்திலே ஒரு கோல் குறுகிற்று என்பது அவ்வளவு பெரிய செய்தியாய் இருந்தது.

இதற்கு மருந்தும் மிக எளிது. பிள்ளையின் சேர்விலக்கத்தையும் கட்டத்தினுட் சேர்த்தல் வேண்டும். இருவர்க்கு ஒரே புள்ளி இருக்கலாம். ஒரே சேர்விலக்கம் இராது. எல்லா வரியும் வேறுபட்டுவிடுதலால் கருவி எவரையும் நீக்குவதில்லை. கூடவே, எண் நிரல்களைத் தானாகக் கூட்டிவிடும் இயல்பு கருவிக்கு உண்டாதலின், புள்ளி நிரலைக் கூட்டாதே என்று குறித்துவிடுதலும் அவசியம். இவ்விரண்டும் செய்தபின் சலாகைகள் 34 என்றே கூடின. அம்மாலை வகுப்பும் நடந்தது.

அடுத்தது எழுத்தின் கதை. பிள்ளைகளின் ஊர்வாரியாக ஒரு படம் வரைய விரும்பினோம். சலாகையின் அடியிலே ஊர்ப்பெயர் தமிழில் இருத்தல் வேண்டுமன்றோ? முதலில் வந்தவை வெறுங் கட்டங்கள். மட்புளொட்லிப் இயல்பாகப் பயன்படுத்தும் எழுத்துருவிலே தமிழ் இல்லாமையே காரணம். விண்டோஸோடு வரும் நிர்மலா என்னும் எழுத்துருவைப் பயன்படுத்துமாறு ஒரு வரி சேர்த்தோம். இப்போது தமிழ் வந்தது. ஆனால் ஊர் சிதைந்து வந்தது. அச்சுவேலி என்னும் பெயரிலே இரட்டைக்கொம்பு வகரத்தை விட்டுத் தாவி லகரத்தின் முன்னே போய் நின்றது. வகரம் கொம்பிழந்து தனித்தது. சுகரம் தன் வடிவிற் சேராது, சகரமும் ஒரு கொக்கியுமாகப் பிரிந்து கிடந்தது. அச்சுவேலியிற் பிறந்தோர்க்கு அதனைக் காணப் பொறுக்குமோ?

இதன் காரணம் அறியத்தக்கது. கையால் எழுதும்போது கொம்பை முன்னும் வகரத்தைப் பின்னும் எழுதுகின்றோம். யூனிக்கோட் எனப்படும் ஒருங்குறியிலோ, ஒலியின் ஒழுங்கே எழுத்தின் ஒழுங்கு. மெய் முன்னே, உயிர்க்குறி பின்னே சேமிக்கப்படும். இலக்கண நெறிக்கு அதுவே பொருத்தம். ஆயின் திரையிலே காட்டும்போது கொம்பை முன்னுக்கு நகர்த்தி, உகரக் குறியை மெய்யோடு பொருத்திக் கோத்துத் தருவதற்குத் தனியானதொரு பொறி வேண்டும். உலாவியிலும் சொற்செயலியிலும் அப்பொறி உண்டு. யாம் பயன்படுத்திய மட்புளொட்லிப்பிலே அது இல்லை. குறிகளைச் சேமித்த வரிசையிலேயே ஒன்றன்பின் ஒன்றாக வைத்துவிடுகின்றது. தமிழை இயல்பாகக் கையாள இயலாது என அத்தொகுதியே சில வேளைகளில் எச்சரிக்கை எழுதுவதுண்டு; அந்த நேர்மையைப் பாராட்டவே வேண்டும். எமக்கு உதவிய வழி இது: நிரலுக்குள்ளே 1, 2, 3 என எண்களை மாத்திரம் இட்டு, ஊர்ப்பெயர்களைப் பவர் பீஐயின் எழுத்துப் பெட்டியிலே படத்தின் அருகே எழுதினோம். அப்பெட்டியிலே தமிழ் சிதைவின்றி வருகின்றது.

எழுத்தால் வந்த வேறு சிக்கல்களும் இருந்தன. தொண்டைமானாறு என்னும் ஊர்க்கு இரண்டு சலாகைகள் தோன்றின. கண்ணுக்கு இரு பெயரும் ஒன்றே. ஆயினும் ஒருவர் தொகரத்தின் ஒகரக் குறியை ஒரே குறியாகப் பதிந்திருந்தார். மற்றொருவர் கொம்பும் அரவுமாக இரு குறியாகப் பதிந்திருந்தார். இயந்திரத்துக்கு இரண்டும் வேறு சொற்கள். குறிகளை ஒருமுகப்படுத்தும் ஏவல் ஒன்று பைதனில் உண்டு. அதனை முதலில் ஓட்டியபின் ஊர் மீண்டும் ஒன்றாயிற்று. பாமினி எழுத்துருவிலே தட்டச்சுச் செய்த பழைய பட்டியல்கள் இன்னும் பல கந்தோர்களில் உள்ளன. அவை உள்ளே ஆங்கில எழுத்துக்களாகவே இருத்தலின், ஒருங்குறிக்கு மாற்றாமற் படத்தில் இட்டாற் பொருளற்ற எழுத்துக்களே தோன்றும்.

அகரவரிசையும் அவ்வாறே. பைதன் தமிழ்ச் சொற்களைக் குறியெண்ணின்படி அடுக்குகின்றது. பலா, பழம், பள்ளம், பனை என்பது தமிழ் அகராதியின் ஒழுங்கு. குறியெண் ஒழுங்கிலோ பனை முன்னே வந்து, பலாவும் பள்ளமும் தொடர, பழம் கடைசியாகின்றது. னகரத்தை நகரத்தின் அருகே வைத்தமையும், ளகரத்தை ழகரத்தின் முன் வைத்தமையுமே காரணம். புள்ளியும் உயிர்க்குறிகளுக்குப் பின்னே வைக்கப்பட்டமையால், அக்கா என்னும் சொல்லுக்கு முன்னே அகம் வந்து நிற்கும். இயந்திரம் அடுக்கியதே ஒழுங்கு என நம்பி வளரும் பிள்ளை அகராதியிற் சொல் தேடத் தடுமாறும். ஆகவே ஒழுங்கெண் நிரலொன்றை அட்டவணையிற் சேர்த்து, அதன்படி அடுக்குமாறு நிரலுக்குச் சொல்லிவிடுகின்றோம்.

எல்லாவற்றுக்கும் நிரல் எழுதுக என்று யாம் சொல்லவில்லை. இயல்பான சலாகை வரைபே போதுமான இடத்திலே அதுவே சிறந்தது. அதன் கோல் ஒன்றைத் தொட்டாற் பக்கத்திலுள்ள ஏனைய படங்களும் அதற்கேற்ப மாறும். நிரலால் வரைந்தது வெறும் நிழற்படம். அதனைத் தொட்டு எதனையும் மாற்ற இயலாது. தமிழும் இயல்பான படத்திலே பிழையின்றி வரும். எந்த முறையில் வரையினும் சலாகையின் அடி பூச்சியத்திலே இருத்தல் வேண்டும் என்பதை மாத்திரம் மறத்தலாகாது. சராசரி 72 பெற்ற பிரிவையும் 74 பெற்ற பிரிவையும் 70 இலே தொடங்கி வரைந்தால், பின்னது முன்னதின் இருமடங்கு போலத் தோன்றும். நீளமே பொருள் எனக் கொண்ட படத்திலே அடியை வெட்டுதல் பொய்க்கு ஒப்பாகும்.

எம் கல்லூரியின் பழைய மாணவர் பலர் கொழும்பிலும் இலண்டனிலும் தொறொன்ரோவிலும் சிட்னியிலும் கணினித் துறையிலே உயர்நிலையில் இருக்கின்றனர். அவர்களிடம் ஒரு வேண்டுகோள். மட்புளொட்லிப் எவரும் பங்களிக்கத்தக்க திறந்த மூல நிரல். எழுத்தைக் கோத்துத் தரும் ஹாவ்பஸ் என்னும் பொறியும் அவ்வாறே கட்டற்றது. பல உலாவிகளிலே தமிழைச் செம்மையாகக் காட்டுவது அதுவே. இவை போன்றவற்றை இணைக்கும் முயற்சிகளிலே தமிழ் அறிந்த ஒருவரின் கண்ணும் இருத்தல் வேண்டும். கொம்பு எங்கே நிற்கவேண்டும் என்பதை அறிந்தவர் சொன்னாலன்றி, அறியாதவர் எங்ஙனம் திருத்துவார்? கல்லூரிக்குக் கட்டடமும் தளபாடமும் கொடுத்தல் போன்ற கொடையே இதுவும்.

ஆசிரிய நண்பர்க்கும் ஒன்று சொல்வோம். இக்காலத்திலே வலயத்துக்கும் மாகாணத்துக்கும் படங்களாகவே அறிக்கைகள் செல்கின்றன. வகுப்பறையை ஒருநாளும் காணாதவர்கள் அப்படங்களைக் கண்டே முடிவு செய்கின்றனர். ஆகவே படத்தை அனுப்புமுன் சலாகைகளைக் கூட்டுக, இடாப்போடு ஒப்புநோக்குக. தொகை குறையின், குறைந்தது எண் அன்று. பின்வாங்கிலே பேசாதிருக்கும் ஒரு பிள்ளை.